கரடி இல்லாத அத்தியாயம்: இக்லு கட்டிப் பார்த்த அனுபவம்

குழந்தைகளுக்காக ஒரு சாகசக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம், கனடாவின் வடக்கே இக்லூலிக் தீவை ஒட்டிய உறைந்த கடல். காலம், 1940-களின் கடைசியில் ஒரு பிப்ரவரி. பன்னிரண்டு வயது அக்கா, எட்டு வயதுத் தம்பி, இருவரும் ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் குழந்தைகள். நாய்கள் வண்டியோடு ஓடிவிடுகின்றன, காற்று ஏறுகிறது, இருட்டுவதற்குள் இக்லு என்னும் பனிவீடு ஒன்று கட்டியாக வேண்டும். ஐந்தாவது அத்தியாயம் முழுக்க அந்த வீடுதான்.

அதை எழுதுவதற்கு முன்னால் ஒன்றைக் கட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பனியை எங்கிருந்து வெட்டுவாள், எப்படித் தூக்குவாள், அந்த நேரத்தில் தம்பிக்கு என்ன வேலை என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்கிற சமாசாரம் இல்லை. "பனிக்கட்டிகளை வெட்டி அடுக்கினார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகலாம்தான். ஆனால் பிள்ளைகள் கேள்வி கேட்பதே அந்த மாதிரி வரிகளில்தான்.

நான் இருப்பது பாஃபின் தீவில், கனடாவின் வடக்குப் பிரதேசமான நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டில். கட்டடங்களின் வெப்பமூட்டும் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. இங்கே இக்லுவில் யாரும் குடியிருப்பதில்லை. நிரந்தரமாக உறைந்த தரையில் தூண்கள் நட்டு, அதன்மேல் நிற்கும் மரவீடுகள்தான். இக்லு வடிவத்தில் கண்ணில் படுவது ஆங்கிலிக்கன் தேவாலயம். 2005-இல் தீக்கிரையாகி, 2012-இல் அதே வடிவில் மறுபடி எழுந்தது. ஆனால் கட்டும் கலை போய்விடவில்லை. 1965 முதல் நடக்கும் டூனிக் டைம் என்ற வசந்த விழாவில் இக்லு கட்டும் போட்டி உண்டு. ஊருக்கு வெளியே வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் இன்னும் ஸ்னோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டியில் ஒரு கைரம்பத்தைச் செருகிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பியின் தாத்தா பழைய வேட்டைக்காரர். எழுபதைத் தாண்டியவர். பேரன் போய்க் கேட்டதும், "கதைக்கா? சரி, கதையில் தப்பாக வந்தால் குழந்தைகள் செத்துப்போகும். வரச் சொல்" என்றாராம். மார்ச் மாதக் கடைசியில், வானம் தெளிந்த ஒரு நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். வெளியே மைனஸ் 26.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பனா என்கிற பனிக்கத்தி: பழைய ரம்பத் தகட்டில் செய்த அலகு, கரிபூ மான் கொம்பில் கைப்பிடி, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். முன்பெல்லாம் முழுக்கத்தியையும் தந்தத்திலோ கொம்பிலோ எலும்பிலோ செய்தார்கள். அப்புறம் தச்சர் வைத்திருக்கும் சாதாரணக் கைரம்பம் ஒன்று, ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. என் பங்குக்கு வேலையிடத்து வெப்பமானியையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை அளக்கும் மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். பெரியவர் அவற்றைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பனியில் கை வைப்பதற்கே வெகுநேரம் ஆனது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பனிதான், ஆனால் பெரியவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. நடப்பார், கம்பியைக் குத்துவார், உருவுவார், தலையாட்டிவிட்டு மறுபடி நடப்பார். பேரனும் நானும் பின்னாலேயே போனோம். ஓர் இடத்தில் கம்பியை என் கையில் கொடுத்தார். குத்தினேன். ஒரு சாண் வரை கெட்டியாக இறங்கியது, அப்புறம் சட்டென்று தடையே இல்லாமல் நழுவியது. "இது இரண்டு புயலின் பனி" என்றார். மேலே ஒரு புயல் கொண்டுவந்து இறுக்கிய அடுக்கு, கீழே அதற்கு முந்தையது. இரண்டுக்கும் நடுவே சர்க்கரை மாதிரி உதிரும் பனி. இதில் கல், அதாவது சுவருக்கான பனிப்பாளம், வெட்டினால் தூக்கும்போதே அந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கும். வேண்டியது ஒரே புயலில், ஒரே காற்றில் வந்து படிந்து இறுகிய பனி. அதில் கம்பி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, கொஞ்சம் முரண்டு பிடித்தபடி இறங்கும். மேலே நின்றால் காலணியின் தடம் லேசாகத்தான் விழும்.

கடைசியில் ஒரு சிறு குன்றின் காற்று மறைவில் அப்படியொரு மேடு அகப்பட்டது. ஆழம் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. ஊரின் முன்னால் கடல்பனி விரிந்து கிடக்கும்போது நிலத்துக்குள் ஏன் வந்தோம் என்று கேட்டேன். ஊர் இருக்கும் ஃப்ரோபிஷர் விரிகுடாவில் கடல் ஓதம் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கரையோரப் பனிக்கட்டி தினமும் உடைந்து மடிந்து கிடக்கும், அங்கே வீடு கட்டுகிறவன் முட்டாள் என்று பேரன் மொழிபெயர்த்தான். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் காரம் குறைத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தேடலை அப்படியே கதைக்குள் கொண்டுவந்துவிட்டேன். அக்கா கையில் கம்பி இருக்காது, கடல்பனியின் கனத்தைச் சோதித்தபடி நடக்கும் வேட்டைக்கோல் இருக்கும். காற்று முகத்தில் அறைகிறது, தம்பி "இங்கேயே கட்டு அக்கா" என்று அழுகிறான், அவளோ குத்திப் பார்த்து, குத்திப் பார்த்து, நல்ல பனி கிடைக்காமல் நடந்துகொண்டே இருக்கிறாள். வாசிக்கிற பிள்ளைக்கும் எரிச்சல் வர வேண்டும். அந்த எரிச்சலை அடக்கிக்கொள்வதுதான் அவளுக்கு அப்பா கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

பெரியவர் கத்திநுனியால் பனியில் ஒரு வட்டம் போட்டார். குறுக்களவு இரண்டு மீட்டர் இருக்கும். கற்களை வட்டத்துக்கு உள்ளிருந்தே வெட்ட வேண்டும். இதில் ஒரு வேலையில் இரண்டு லாபம்: வெட்ட வெட்டத் தரை பள்ளமாகிறது, அந்த அளவுக்குச் சுவரின் உயரம் மிச்சமாகிறது. முதலில் ஒரு குழி எடுத்து, செங்குத்தான ஒரு முகத்தை உண்டாக்கினார். பிறகு அந்த முகத்திலிருந்து கற்களை நின்றவாக்கில் சீவி எடுத்தார்.

அந்தச் சீவலைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ரம்பம் இரண்டு பக்கமும் இறங்கும், மெல்லிய பொடி சர்ரென்று கொட்டும். அப்புறம் அடியில் கத்தியால் ஒரு கோடு. பின்பக்கம் மேலே ஒரு கோடு, அது ஆழமாகக்கூட வேண்டாம். காலணியின் முனையால் அடியில் ஒரு தட்டு. டப்பென்று ஒரு சத்தம், கல் முழுசாகக் கழன்று அவர் கைக்கு வந்துவிடும். கையில் வாங்கிப் பார்த்தால் கெட்டித் தெர்மாகோல் போல இருக்கிறது: நகம் பதியும், ஆனால் அழுத்தினால் நசுங்காது. முக்கால் மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், ஒரு சாணுக்குக் குறைவான கனம். எடை 20 கிலோவுக்குப் பக்கத்தில். காற்று இறுக்கிய இந்தப் பனியிலும் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான். குளிரைத் தடுப்பது அந்தக் காற்று, வீட்டைத் தூக்கி நிறுத்துவது மீதிப் பனி.

இருபது கிலோவை எட்டு வயதுப் பையன் தூக்க மாட்டான். அக்காவுக்கும் திரும்பத் திரும்பத் தூக்கினால் கை விட்டுப்போகும். பெரியவரிடம் கேட்டேன். சின்ன வயதில் நாய்க்குட்டிகளுக்காகக் குட்டி இக்லுக்கள் கட்டிக் கட்டித்தான் பழகினாராம். கல்லைச் சின்னதாக்கு, வீட்டையும் சின்னதாக்கு, அவ்வளவுதான் என்றார். அரை மீட்டர் நீளத்தில், உயரத்தையும் அதற்கேற்பக் குறைத்து வெட்டினால் ஒன்பது, பத்து கிலோ வரும். கதையில் வீட்டின் அகலத்தைக் குழந்தைகள் காலை மடக்கிப் படுக்கும் அளவுக்குக் குறைத்துவிட்டேன். வீடு சின்னதானால் சூடும் சீக்கிரம் நிற்கும்.

முதல் வரிசையை வட்டமாக நிறுத்துவது எளிது. ஒவ்வொரு கல்லையும் லேசாக உள்ளே சாய்த்து, பக்கத்துக் கல்லோடு ஒட்டும் முகத்தைக் கத்தியால் சீவி, தோளால் ஒரு இடி. வரிசை முடிந்ததும், சுவர் அருமையாக நிற்கிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெரியவர் முதல் சில கற்களின் தலையைச் சாய்வாகச் சீவித் தள்ளிவிட்டார். தரையிலிருந்து தொடங்கி ஒரு கல் உயரத்துக்கு ஏறும் சரிவு. இரண்டாம் வரிசை அந்தச் சரிவில் ஏறித் தொடங்குகிறது, அதன்பின் வரிசை என்பதே கிடையாது. உச்சிவரை ஒரே சுருள்.

சுருள் எதற்கு என்பது மூன்றாவது சுற்றில் புரிந்தது. அந்த உயரத்தில் கல் நன்றாக உள்ளே சாய்ந்துவிடுகிறது. விட்டால் விழும். தனித்தனி வட்டங்களாக அடுக்கினால் ஒவ்வொரு வட்டத்தின் முதல் கல்லுக்கும் பக்கத்துணை இருக்காது. சுருளில் அப்படியொரு அநாதைக் கல் வருவதே இல்லை. புதிதாக வைக்கும் எந்தக் கல்லுக்கும் கீழே ஒரு கல், பக்கத்தில் ஒரு கல்.

அதோடு இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இதைப் படத்தில் பார்த்தால் தெரியாது, கையால் செய்தால்தான் பிடிபடும். கல்லின் அடிப்பக்கம் முழுவதும் கீழ்க்கல்லில் பதிந்து உட்காரக்கூடாது. பெரியவர் ஒவ்வொரு கல்லையும் வைத்த பிறகு, இடுக்கில் கத்தியைச் செருகி அடிப்பக்கத்தின் நடுப்பகுதியைச் சுரண்டி எடுத்தார். இப்போது கல் நிற்பது கீழே இரண்டு மூலை, பக்கத்துக் கல்லின்மேல் சாயும் மேல்மூலை, ஆக மூன்றே புள்ளிகளில். நடுவில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் கல் அதன்மேல் ஆடிச் சுழன்று உள்ளே விழும். மூன்று மூலைகளில் நின்றால் தன் எடையாலேயே இறுகிக்கொள்கிறது. பிறகு கல்லின் தலையில் உள்ளங்கையால் ஒரு அடி. சீவிய பனியின் துகள்கள் ஒன்றோடொன்று உடனே ஒட்டத் தொடங்கிவிடும். கையை எடுத்துவிட்டுப் பத்து எண்ணுவதற்குள் அது சுவரின் பகுதியாகிவிடுகிறது. நான் வைத்த கற்களில் ஒன்று என் தோளில் விழுந்து உடைந்தது. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கல்லை நீட்டினார்.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரைப்பந்து என்றுதான் எல்லோரும் வரைகிறார்கள். நல்ல இக்லு அரைப்பந்து இல்லை, அதைவிடக் கொஞ்சம் எழும்பிய தலை. ஒரு சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் வரும் வளைவைத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய அதுதான். பனி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சங்கிலி முழுக்க இழுவையில் தொங்குவதால் அதைக் கவிழ்த்த வடிவம் முழுக்க அமுக்கத்தில் நிற்கும். பெரியவர் சங்கிலியும் கணக்கும் வைத்து இதைச் செய்யவில்லை. நடுவில் மண்டியிட்டு, கையை நீட்டி, ஒவ்வொரு கல்லின் சாய்வையும் கண்ணால் பார்த்து வைத்தார். வடிவம் தானாக வந்தது.

வேலையின் நடுவே அவர் அடிக்கடி சும்மா நின்றார். களைப்பு என்று நினைத்தேன். "வியர்க்கிறதா?" என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். "அப்போ நில்." வியர்வையில் நனைந்த துணி, வேலை நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். புயலில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஓடி ஓடி வியர்த்து, பிறகு உட்கார்ந்து உறைவார்கள் என்றார். சாகசக் கதையில் வேகம் வேண்டும் என்பது வழக்கம். இங்கே வேகம்தான் எமன். "மெதுவாகச் செய்" என்று அக்கா தம்பியை அதட்டும் இடம் அத்தியாயத்தில் அடிக்கடி வருகிறது. அவள் மேலே போட்டிருக்கும் கரிபூ தோல் சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்சட்டையோடு வேலை செய்வதாக எழுதியிருக்கிறேன். உள்சட்டையில் மயிர் உடம்பைப் பார்த்திருக்கும், மேல்சட்டையில் வெளியே பார்த்திருக்கும்.

இனி, இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு. கட்டுகிறவர் உள்ளே நிற்கிறார், கற்களும் உள்ளிருந்தே வருகின்றன, கதவு என்று ஒன்று இன்னும் வெட்டப்படவில்லை. ஆக, சுவர் ஏற ஏற அவர் தன்னைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொண்டு போகிறார். வெளியே நிற்பவரின் வேலை, கற்களுக்கிடையே உள்ள இடுக்குகளில் பொடிப்பனியைத் திணித்துப் பூசுவது. அன்று பேரனும் நானும் வெளியே. முதலில் பெரியவரின் தலை தெரிந்தது, பிறகு தொப்பி, பிறகு கைகள் மட்டும். கடைசியில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கிவிட்டது. ஒரு சாண் பனி அவ்வளவு சத்தத்தை விழுங்குகிறது. பேரன் சுவரில் தட்டினான். உள்ளிருந்து பதில் தட்டு வந்தது.

நான் அங்கேயே நின்று யோசித்தேன். இரண்டு குழந்தைகள், புயல், அக்கா உள்ளே, எட்டு வயதுப் பையன் வெளியே தனியாக. அவன் எவ்வளவு ஒழுங்காக இடுக்குகளை அடைக்கிறானோ அவ்வளவுக்கு அக்காவின் குரல் அவனுக்குக் கேட்காமல் போகும். வேலையைச் சரியாகச் செய்யச் செய்யத் தனிமை கூடுகிறது. என் குறிப்பேட்டில் இந்த அத்தியாயத்துக்கென்று ஒரு பனிக்கரடியைத் திட்டமிட்டு வைத்திருந்தேன், மோப்பம் பிடித்து வருவதாக. அன்று மாலையே அதை அடித்துவிட்டேன். அந்தச் சுவரை வெளியே நின்று பூசும் பையனைவிடப் பெரிய பயத்தை எந்தக் கரடியாலும் கொண்டுவர முடியாது.

இருவரும் தட்டித் தட்டிப் பேசிக்கொள்கிறார்கள். அக்கா அவனை "தாத்தா" என்று கூப்பிடுகிறாள். இது என் கற்பனை இல்லை. இனுயிட் வழக்கத்தில் இறந்துபோன உறவினரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள், பெயரோடு அந்த உறவுமுறையும் சேர்ந்து வரும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட முறை சொல்லிக் கூப்பிடுவதே மரியாதை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, அவனைப் பெயர் சொல்லி அதட்டத் தயங்கும் நம் வீட்டு மருமகள்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எட்டு வயதுத் தாத்தா வெளியே குளிரில் நின்று அழுகையை அடக்கிக்கொள்வது இப்போது கதைக்கு நடுமையம் ஆகிவிட்டது.

உச்சிக்கல்லை வைப்பது பார்க்க மந்திர வித்தை மாதிரி இருந்தாலும் செய்முறை எளிது. மேலே மிச்சமிருக்கும் ஓட்டையைவிடப் பெரிய கல் ஒன்றை நிமிர்த்தி, ஓட்டை வழியாகச் சாய்வாக வெளியே தள்ளி, மேலே படுக்க வைக்கிறார். பிறகு உள்ளிருந்தபடியே அதன் ஓரங்களைக் கத்தியால் செதுக்கச் செதுக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஆப்பு மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. நாங்கள் வெளியிலிருந்து பூசி முடித்தோம். சிறிது நேரத்தில் சுவரின் அடியில் ஒரு கத்திநுனி எட்டிப் பார்த்தது. கதவு. காற்று வரும் திசைக்கு நேராக இல்லாமல், கொஞ்சம் விலக்கி, தரைமட்டத்துக்கும் கீழே வெட்டியிருந்தார். அதற்கு முன்னால் மீதிக் கற்களால் ஒரு குட்டிச் சுரங்கம் கட்டினோம்.

உள்ளே தவழ்ந்து போனால் முதலில் வருவது பள்ளம். அதற்குப் பின்னால், வீட்டின் பாதிக்கு மேல், வெட்டாமல் விட்ட பனிமேடை. படுக்கை அதன்மேல்தான். மேடை கதவின் மேல்விளிம்பைவிட உயரத்தில் இருக்கிறது. சூடான காற்று மேலே தேங்கும், குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கிக் கதவோரம் கிடக்கும். நான் தினமும் விசிறியும் குழாயும் வைத்துச் செய்கிற வேலையை இங்கே ஒரு பள்ளமும் ஒரு மேடும் செய்துவிடுகின்றன.

சூட்டுக்கு ஊரிலிருந்து குல்லிக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தோம். மாக்கல்லில் குடைந்த பிறைவடிவ எண்ணெய் விளக்கு. இப்போது அதை விழாத் தொடக்கங்களில் ஏற்றுகிறார்கள். முன்பு அதுவே அடுப்பு, விளக்கு, துணி உலர்த்தும் கொடி எல்லாம். அதைப் பார்த்துக்கொள்வது பெண்களின் வேலை, ஆகவே அன்று பெரியவரின் மனைவியும் எங்களோடு வந்திருந்தார். வண்டியின் அருகே தேநீர் போட்டுக்கொண்டிருந்தவர், வீடு முடிந்த பிறகு உள்ளே வந்து, மேடையோரத்தில் விளக்கை வைத்தார். கடல்நாய்க் கொழுப்பை முதலிலேயே நசுக்கி வைத்திருந்தார். நசுக்காவிட்டால் எண்ணெய் கசியாது. கோடையில் பறித்துக் காயவைத்த பருத்திப்புல்லின் பஞ்சையும் பாசியையும் கலந்து உள்ளங்கையில் உருட்டி, பிறையின் நேர்விளிம்பு நெடுகத் திரியாக ஒட்டினார். தீக்குச்சியை ஓர் ஓரத்தில் வைத்தார். சுடர் சட்டென்று பரவாது. சின்னக் கொக்கி மாதிரியான ஒரு குச்சியால் எரிகிற பஞ்சைத் துளித்துளியாக நகர்த்தி நகர்த்தி விளிம்பு முழுக்க அவரே கொண்டுபோனார். ஒரு விரற்கடை உயரத்தில் மஞ்சள் வேலி எழுந்தது. எங்கேயாவது சுடர் உயர்ந்தால் அங்கே கரி கிளம்பும், உடனே குச்சி அங்கே போய் அமுக்கும். பேசிக்கொண்டே இருந்தார், ஆனால் கை விளக்கை விட்டு விலகவில்லை. விளக்கு தூங்காது, அதனால் அதைப் பார்த்துக்கொள்கிறவளும் தூங்க முடியாது என்றார். சொல்லிவிட்டு, உன் கதையில் பெண்குழந்தையைத்தான் வீடு கட்டச் சொல்லியிருக்கிறாயாமே, விளக்கு யார் பார்ப்பது என்று கேட்டார். தம்பி என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

சுவரின் உட்புறம் மினுமினுக்கத் தொடங்கியது. பனி லேசாக உருகி, சொட்டாமல் சுவருக்குள்ளேயே ஊறியது. கூரையில் ஓரிடத்தில் துளி திரண்டபோது பெரியவர் ஒரு துண்டுப் பனியை அதன்மேல் அழுத்தி ஒட்டினார், அது துளியைக் குடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்ததும் ஈரம் உறைந்து கண்ணாடிப் பூச்சாகிவிட்டது. அதன்பின் பேரன் வெளியே கூரைமேல் ஏறி நின்றே காட்டினான். வெப்பமானி சொன்னது: வெளியே மைனஸ் 26, கதவோரப் பள்ளத்தில் மைனஸ் 14, மேடையில் மைனஸ் 2, உட்கார்ந்திருந்தவர்களின் தலைமட்டத்தில் 3 டிகிரி. மூன்று டிகிரி என்று கேட்டால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. அன்று நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் குறிப்பெழுதினேன்.

கூரையில் பெரியவர் கைமுட்டி அளவுக்கு ஒரு துளை போட்டிருந்தார். அதை மட்டும் கொஞ்சநேரம் கையுறையால் அடைத்து மீட்டரைப் பார்த்தேன். எண் ஏறத் தொடங்கியது. கையுறையை எடுத்ததும் இறங்கியது. கதையில் எதை விட்டாலும் இந்தத் துளையை விடக்கூடாது. புயலில் அது பனியால் அடைபடும், யாராவது குச்சியை விட்டுக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரவெல்லாம் விழித்து விளக்கையும் துளையையும் கவனிப்பது தம்பியின் பொறுப்பு. அக்கா தூங்கிவிடுகிறாள், கட்டி முடித்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

கட்டாமல் சேர்த்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான், வீடு திரும்பும் வழி. இக்லூலிக் பக்கத்து வேட்டைக்காரர்கள், வடமேற்குக் காற்று செதுக்கி இறுக்கிய நாக்குவடிவப் பனிவரப்புகளை வைத்துத் திசை பிடிப்பார்கள். புதுப்பனி மேலே மூடினாலும் அடியில் அந்த வரப்பு காலுக்குத் தட்டுப்படும். புயல் ஓய்ந்தபின் குழந்தைகள் வரப்புகளை எப்போதும் ஒரே கோணத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஆறாவது அத்தியாயம் அதோடு சுருக்கமாக முடிகிறது.

கதையின் முன்னுரையில் இரண்டு விஷயங்களைச் சேர்த்திருக்கிறேன். ஒன்று, எல்லா இனுயிட் மக்களும் எப்போதும் பனிவீட்டில் இருந்ததில்லை. கனடாவின் நடு ஆர்க்டிக்கிலும் வடமேற்குக் கிரீன்லாந்திலும்தான் அது குளிர்கால வீடு. அலாஸ்காவில் மண்ணும் மரமும் கொண்ட வீடுகள். கோடையில் எல்லா இடத்திலும் தோல்கூடாரம். இன்னொன்று, 1950-களிலும் 60-களிலும் அரசாங்கம் இந்த மக்களை நிலையான குடியிருப்புகளுக்குள் கொண்டுவந்தது. சில குடும்பங்களை 1953-இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே, பழக்கமில்லாத நிலத்துக்கு அனுப்பியது. அதற்கு 2010-இல்தான் மன்னிப்புக் கேட்டது. கதையின் குழந்தைகள் அதற்குச் சற்று முந்தைய தலைமுறை. கதைக்குள் இதைப் பேச இடமில்லை, ஆனால் வாசிக்கிற பிள்ளையின் அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருக்கட்டும்.

படம் வரைபவர் சென்னையில் இருக்கிறார். அவருக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். கற்கள் செங்கல் மாதிரி நேர்வரிசையில் வேண்டாம், சாய்ந்து ஏறும் சுருளாக இருக்கட்டும். கூரை உருண்டையாக வேண்டாம், கொஞ்சம் எழும்பட்டும். காமுதிக் என்னும் பனிவண்டியில் ஆணியே கிடையாது, எல்லாக் குறுக்குச் சட்டமும் வாரால் கட்டியது. வண்டி பனிக்கட்டி மேட்டில் வளைந்து கொடுக்க வேண்டும், ஆணி அடித்தால் உடையும். உள்ளே வெளிச்சம் வேண்டுமென்பதற்காகச் சுவரைப் பாதியாக வெட்டிக் காட்ட வேண்டாம். 1922-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆவணப்படம் ஒன்றுக்காக, கேமராவுக்கு வெளிச்சம் போதாமல், பாதி இக்லு கட்டிப் படம் பிடித்தார்கள். நமக்குக் கேமரா இல்லை, பகலில் சுவர் வழியாகவே நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் வரும். கதவு தரைக்குக் கீழே, குழந்தைகள் தவழ்ந்து வர வேண்டும், மேடை கதவைவிட உயரம்.

முதல் படம் வந்துவிட்டது. சுருள் பிரமாதம், விளக்கு பிரமாதம், தம்பியின் முகம் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. கதவு மட்டும் மேடையைவிட உயரமாக, அக்கா நிமிர்ந்து நடந்து வரும்படி நிற்கிறது. மேடையும் பள்ளமும் கதவும் சேர்ந்த குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் கையால் வரைந்து, வெப்பமானி காட்டிய எண்களையும் அதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.